நோயாளியிடம் சொல்லுங்கள்

“சிஸ்டர், அம்மாகிட்ட புற்றுநோய்னு சொல்லிடாதீங்க. சத்து ஊசின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கோம்.”

கீமோதெரபி வார்டில் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கெஞ்சல் புதிதல்ல. பிள்ளைகளின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், இப்படி மறைப்பது அந்த அம்மாவின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கீமோ மருந்து புற்றுச் செல்களோடு, வேகமாகப் பெருகும் நல்ல செல்களையும் தாக்கும். பல மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே, நடுராத்திரி என்றாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். சத்து ஊசி என்று நம்பியிருப்பவர் என்ன செய்வார்? காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தூங்குகிற பிள்ளைகளை எழுப்ப மனமில்லாமல் படுத்துவிடுவார். விடிவதற்குள் கிருமி ரத்தத்தில் பரவிவிடலாம்.

முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும். டாக்ஸோரூபிசின் என்பது சிவப்பு நிற மருந்து. அதை ஏற்றிய ஓரிரு நாளுக்குச் சிறுநீரும் சிவந்து போகும். இது தெரியாதவர், ரத்தம் போகிறதென்று பதறிவிடுவார். அந்த மருந்துக்கு முடி கொட்டுவது 2, 3 வாரங்களில் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் திரும்ப வளரும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெண்கள் சிலர், அடுத்த முறை தாங்களாகவே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பரிசோதனைக்கும் இது பொருந்தும். ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்ற பயத்தில் பயாப்சியைத் தள்ளிப்போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மார்பகக் கட்டியில் எடுக்கும் அந்தச் சிறு துணுக்கை வைத்துத்தான், அது ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுமா, ஹெர்2 புரதத்துக்கான மருந்து தேவையா என்றெல்லாம் முடிவு செய்கிறார்கள். இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். தாமதம் ஏன் என்று சொல்லாவிட்டால், காத்திருக்கும் குடும்பம் கெட்டதையே நினைத்துக்கொண்டிருக்கும். கதிர்வீச்சு என்றாலும் இதே பயம்தான். வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தால், பாட்டி தன் வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தாராளமாகத் தூக்கலாம். கதிரியக்க மருந்தை உடலில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் அன்று மட்டும், சில மணி நேரம் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை யாராவது சொன்னால்தானே தெரியும்?

“உண்மை தெரிந்தால் மனசு உடைந்துவிடாதா?” என்று கேட்பார்கள். பக்கத்துக் கட்டில்களில் முடியில்லாத தலைகளைப் பார்க்கும் அம்மாவுக்கு ஏற்கெனவே பாதி புரிந்துவிடுகிறது. யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகப் பயப்படுவதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். நோய் எந்த அளவில் இருக்கிறது, இன்னும் எத்தனை காலம் என்பதையெல்லாம் எவ்வளவு கேட்டுக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆனால், தன் உடம்பில் ஏறும் மருந்து என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் மருத்துவர்களால் இதையெல்லாம் விளக்க முடிவதில்லை. அதனால், முதல் கீமோவுக்கு முன் நோயாளியையும் உடன் வந்தவரையும் உட்கார வைத்துப் பேச, ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் ஒரு செவிலியரை இதற்கென்றே நியமிக்க வேண்டும். மருந்தின் பெயர், எந்த நாளில் என்ன வரலாம், எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், இரவில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அதையே செல்பேசியில் பேசிப் பதிந்து கொடுக்கலாம். இதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக அரசும் தனியார் மருத்துவமனைகளும் கட்டாயமாக்க வேண்டும்.