காகிதமும் கத்தரிக்கோலும் போதுமா?

மொபைலில் வாடகை வீடு தேடுபவர்களுக்கு இது பழகிய விஷயம். திரையில் ஊரின் வரைபடம் இருக்கும். அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வீடுகள். கீழே ஒரு பட்டியல்: எத்தனை அறை, எவ்வளவு வாடகை, எத்தனை சதுர அடி. பிள்ளையின் பள்ளிக்கூடத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டால், வட்டத்துக்கு வெளியே இருக்கும் வீடுகள் மறைந்துவிடும். அதே நொடியில் கீழே இருக்கும் பட்டியலும் சுருங்கிவிடும்.

இது ஒரு கண்டுபிடிப்பா? 'இதை முதலில் யோசித்தது நாங்கள்தான், வேறு யார் பயன்படுத்தினாலும் எங்களுக்குப் பணம் கட்ட வேண்டும்' என்று ஒருவர் இதற்கு 20 வருடம் உரிமை கொண்டாட முடியுமா?

அப்படிக் கொண்டாடிய நிறுவனம் சாதாரணப்பட்டது அல்ல. வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் காப்புரிமைகளை வாங்கிக் குவிக்கும் ஐ.பி.எம். எதிரே நின்றது சியாட்டில் நகரத்து ஜில்லோ. வீடு வாங்க, விற்க நினைக்கும் அமெரிக்கர்கள் முதலில் திறந்து பார்க்கும் தளங்களில் ஒன்று. 2019-ல் வழக்கு ஆரம்பமானது. ஐ.பி.எம். நீட்டிய காப்புரிமைகளில் ஒன்று 2015-ல் வழங்கப்பட்டது. மேலே சொன்ன வட்டம் போடும் சமாசாரம்தான் அது. வரைபடத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் வரைபடமும் பட்டியலும் கைகோத்தபடி மாற வேண்டும். 2007-ல் வழங்கப்பட்ட இன்னொன்று, திரையில் பலவகைப் பொருள்களை அடுக்கு அடுக்காகக் காட்டி, வேண்டிய அடுக்கை மட்டும் எடுப்பாகத் தெரிய வைப்பது.

காப்புரிமை அலுவலகத்தில் ஓர் ஆய்வாளர் இருப்பார். விண்ணப்பம் அவர் மேஜைக்குத்தான் வரும். இது புதியதா, இந்தத் துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதா என்றெல்லாம் அவர் துருவிப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் கடிதம் எழுதுவார், விண்ணப்பித்தவர் பதில் எழுதுவார். இந்தக் கடிதப் போக்குவரத்து வருடக்கணக்கில்கூட நீளும். ஐ.பி.எம்.மின் இரண்டு காப்புரிமைகளும் இப்படித் தேறி வந்தவைதான்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இன்னொரு கேள்வியும் உண்டு. இது காப்புரிமை கேட்கக்கூடிய விஷயம்தானா? வெறும் யோசனைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கூட்டல் கழித்தலுக்குக் காப்புரிமை கிடையாது. 'சாமானை வகை வகையாகப் பிரித்து வை' என்பதற்கும் கிடையாது. மென்பொருள் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கறாராக்கியது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 2014 ஜூன் 19 அன்று, ஆலிஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பு வந்தது. இரண்டு பேருக்கு நடுவே ஒரு மத்தியஸ்தர் இருந்து பணப் பரிமாற்றத்தைப் பத்திரமாக முடித்துவைப்பது பழைய வழக்கம். அதையே கம்ப்யூட்டரில் செய்தால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு தீர்ப்பு. பரந்த பகுதியில் ஓடும் மின் கட்டமைப்பின் பல இடங்களிலிருந்து தகவல்களைத் திரட்டி, அலசி, உடனுக்குடன் திரையில் காட்டும் ஒரு முறை. எலெக்ட்ரிக் பவர் குரூப் வழக்கு என்று அதற்குப் பெயர். திரட்டுவது, அலசுவது, காட்டுவது ஆகிய மூன்றையும் சேர்த்தாலும் அது வெறும் யோசனைதான் என்றது காப்புரிமை வழக்குகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம். தகவலைத் தேடித் திரையில் காட்டும் மென்பொருளோடு யார் போய் நின்றாலும், ஆய்வாளரின் கடிதத்தில் இந்த வழக்கின் பெயர் எட்டிப் பார்க்கலாம்.

ஜில்லோ வழக்குக்கு வருவோம். 2021 ஜூலையில் சியாட்டிலில் இருக்கும் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டம் போடும் அந்த முறையைக் கம்ப்யூட்டரே இல்லாமல் கையால் செய்துவிடலாம் என்றார் நீதிபதி. என்னென்ன வேண்டும் என்றும் சொன்னார். அச்சடித்த வரைபடம், அதிலிருக்கும் இடங்களின் பட்டியல், வரைபடத்தின் மேல் வைக்க ஊடே தெரியும் ஒரு தாள், ஒரு மார்க்கர், ஒரு வெள்ளைக் காகிதம், ஒரு கத்தரிக்கோல். தாளில் வட்டம் வரையலாம். வெள்ளைக் காகிதத்தில் அதே அளவுக்கு ஓட்டை வெட்டி வேண்டாத பகுதியை மறைக்கலாம். பட்டியலில் வெளியே போன பெயர்களை அடித்துவிடலாம். ஆறாம் வகுப்புக் கைவேலைப் பாடம் மாதிரி இருக்கிறது!

நம் ஊர் வீட்டு புரோக்கரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 'ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் காட்டுங்க' என்றால், அந்தப் பக்கத்து வீடுகளை மனதிலேயே அடித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வார். அவர் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் போடவில்லை.

ஐ.பி.எம். விடவில்லை. மேல்முறையீட்டில் 2022 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. அதிலும் தோல்விதான். ஆனால் மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் பேசவில்லை. அடுக்குகளைப் பற்றிய காப்புரிமையின் சில பகுதிகளில் நீதிபதி ஸ்டோல் மாறுபட்டார். திரை நெரிசலாக இருந்தால் வேண்டியதைக் கண்டுபிடிக்க நேரமாகிறது. இந்த முறை அந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது என்று நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை விசாரிக்காமலே தள்ளுவது சரியல்ல என்பது அவர் வாதம். பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. பயன்படுத்துபவருக்கு வசதி கூடுவது மட்டும் போதாது, கம்ப்யூட்டர் வேலை செய்யும் விதத்தில் ஏதாவது முன்னேற்றம் வேண்டும் என்றார்கள்.

கத்தரிக்கோல் வாதத்தில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. நாற்பது வீட்டுக்குக் காகிதம் வெட்டலாம். ஒரு நாட்டிலுள்ள வீடுகள் அத்தனைக்கும், விரல் நகர நகர, யார் வெட்டுவது? ஆனால் அப்படி நினைப்பவர்கள் ஐ.பி.எம்.மின் கோரிக்கையையும் படிக்க வேண்டும். அத்தனை வீடுகளையும் மின்னல் வேகத்தில் சலித்தெடுக்கும் சூட்சுமம் ஏதாவது அதில் இருந்திருந்தால் கதை வேறு. என்ன நடக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்ததே தவிர, எப்படி நடத்துவது என்று இல்லை. இந்த இடத்தில் நீதிமன்றத்தின் பக்கம்தான் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. வெறும் 'என்ன'வுக்கு உரிமை கொடுத்துவிட்டால், வேறு வழியில் அதைச் சாதித்துக் காட்டிய இரண்டு அறை அலுவலகத்துச் சின்ன நிறுவனத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் போகும். ஜில்லோவுக்கு வழக்கு நடத்தப் பணம் இருந்தது. எல்லோருக்கும் இருக்காது.

அதற்காகத் திரையில் தெரிவது எல்லாமே தள்ளுபடி என்று நினைக்க வேண்டாம். எக்ஸெல் திறந்தால் அடியில் வரிசையாக 'ஷீட் 1', 'ஷீட் 2' என்று காதுகள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? நோட்டுப் புத்தகத்தில் பாடவாரியாக ஒட்டும் துண்டுத்தாளைப் போன்றது. 1990களின் தொடக்கத்தில் போர்லாண்ட் நிறுவனத்தின் குவாட்ரோ புரோ அதைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக, சிக்கலான கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த நிறுவனம் கூகுள் மீது வழக்குப் போட்டது. குவாட்ரோ புரோவைப் புகழ்ந்து அந்தக் காலப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளும் ஆவணங்களில் இருந்தன. 2018-ல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், கம்ப்யூட்டருக்கே உரிய ஒரு சிக்கலுக்கு இது குறிப்பான தீர்வு என்று ஒப்புக்கொண்டது. அதே தீர்ப்பில், ஷீட்டில் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் இன்னொரு காப்புரிமையைத் தள்ளியது. கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்கிற வேலையாயிற்றே! கடைசியில் கூகுளிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். அந்தக் காப்புரிமை சொன்ன முப்பரிமாண வகையில் கூகுளின் ஷீட் வராது என்று 2021-ல் வழக்கு முடிந்தது.

கோடு எங்கே விழுகிறது என்று ஆய்வாளர்களே குழம்பினார்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2019 ஜனவரியில் புதிய வழிகாட்டுதலும் மாதிரிக் கணக்குகளும் வெளியிட்டது. அதில் ஒரு கணக்கு திரையிலிருக்கும் ஐகான்களைப் பற்றியது. எந்த ஐகானை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி வரிசைப்படுத்துவதோடு நின்றால், காப்புரிமை கிடையாது. மனதால் செய்யக்கூடிய வேலை அது. எண்ணிய பிறகு, அதிகம் பயன்படுவதைத் தானாகவே நகர்த்திக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால், தகுதி உண்டு. விண்ணப்பத்தில் ஒரு வரி கூடக் குறைய இருப்பதில்தான் இத்தனையும் அடங்கியிருக்கிறது. காப்புரிமை வக்கீல்கள் கேட்கும் ஃபீஸுக்கு அர்த்தம் இப்போது புரியும்.

இந்தியச் சட்டம் இதை நேராகவே சொல்லிவிடுகிறது. 1970-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு, எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியல் போடுகிறது. கணித முறை, வியாபார முறை, கம்ப்யூட்டர் புரோகிராம் 'அந்த அளவில்' மட்டும் இருந்தால் அது, தகவலை எடுத்துக்காட்டும் விதம் எல்லாம் அதில் உண்டு. அந்த 'அந்த அளவில்' என்பதற்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை. இணையத்தில் தகவல்களை எளிதாக எட்டும் முறைக்காக, துனிசியாவைச் சேர்ந்த பெரித் அல்லானி 2002-ல் இங்கே விண்ணப்பித்தார். ஆய்வில் மறுக்கப்பட்டது. முறையீடு, திரும்ப நீதிமன்றம் என்று நடையாய் நடந்தது. 2019 டிசம்பர் 12 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், புரோகிராம் என்பதற்காகவே ஒதுக்கக் கூடாது, தொழில்நுட்ப ரீதியாக அதில் பலன் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள் என்றது. மறுபடியும் மறுப்புதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2020 ஜூலையில் காப்புரிமை கொடுக்கச் சொன்னது. சர்வதேச விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம் என்பது கணக்கு. அவர் கைக்கு வந்தபோது அதில் மிச்சமிருந்தது சில மாதங்கள்தான்.