கட்டணம் பல, விலை எங்கே?

கடையில் வாங்கும் 10 ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அதிகபட்ச சில்லறை விலை, அனைத்து வரிகளும் உட்பட என்று ஒரே ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். மாவுக்கு இவ்வளவு, சர்க்கரைக்கு இவ்வளவு, லாரி வாடகைக்கு இவ்வளவு என்று எந்த நிறுவனமும் பிரித்துக் கேட்பதில்லை. சட்டமுறை எடையளவு விதிகள் அதற்கு இடம் தருவதுமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூட பேரனிடம் கொடுத்து விலையைத் தெரிந்துகொண்டு, வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடிகிறது.

இந்தப் பாதுகாப்பு, பிஸ்கட்டைவிட பல நூறு மடங்கு விலையுள்ள விடுதி அறைக்கு நடைமுறையில் கிடைப்பதில்லை. இணையத்தில் 4,000 ரூபாய் என்று காட்டப்படும் அறைக்கு, பணம் செலுத்தும் கட்டத்திலோ அறையைக் காலி செய்யும் நாளிலோ வேறு பல வரிகள் முளைக்கின்றன: ரிசார்ட் கட்டணம், வசதிக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம், சேவைக் கட்டணம். கிறிஸ்துமஸ் இரவிலும் புத்தாண்டு இரவிலும் தங்குவோருக்குப் பல சுற்றுலாத் தலங்களில் ‘காலா டின்னர்’ என்ற விருந்து கட்டாயம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அறையிலேயே முடங்கிக் கிடந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று கட்டியாக வேண்டும்.

புதுச்சேரிக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. வார இறுதிகளில் சென்னையும் பெங்களூரும் இங்கே வந்து இறங்குகின்றன. விடுதித் தொழில் நகரத்தின் முதன்மையான வருவாய்களில் ஒன்று. திருக்கனூர், வில்லியனூர், பாகூர் பகுதிகளிலிருந்து அந்த விடுதிகளுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊட்டிக்கோ மூணாறுக்கோ செல்லும்போது நாமும் விருந்தினர்களாகிறோம். ஆகவே இந்தக் கணக்கின் இரு பக்கத்திலும் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

பிரித்துச் சொன்னால் என்ன கெட்டுவிடும்?

நீண்ட காலம் கல்லூரியில் விலைக் கோட்பாடு கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விடுதியாளர்களின் வாதம் எளியது: ‘மொத்தமாகக் கேட்டாலும் பிரித்துக் கேட்டாலும் பணம் ஒன்றுதான். கட்டுப்படியாகாதவர் வராமல் இருக்கலாமே?’

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். அ என்ற விடுதி அறை வாடகை 4,000 ரூபாய் என்று விளம்பரம் செய்கிறது. பின்னர் 900 ரூபாய் ரிசார்ட் கட்டணம் சேர்க்கிறது. ஆ என்ற விடுதி எல்லாவற்றையும் சேர்த்து 4,600 ரூபாய் என்று முதலிலேயே சொல்கிறது. 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் அ விடுதியில் 5,145 ரூபாய். ஆ விடுதியில் 4,830 ரூபாய். உண்மையில் 315 ரூபாய் மலிவானது ஆ. ஆனால், விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தும் செயலியில் அ மேலே நிற்கிறது. ஆ கீழே தள்ளப்படுகிறது. நேர்மையாகச் சொன்னவர் வாடிக்கையாளரை இழக்கிறார். அடுத்த பருவத்தில் அவரும் விலையைப் பிரிக்கத் தொடங்குவார். கள்ள நாணயம் நல்ல நாணயத்தைச் சந்தையிலிருந்து விரட்டும் என்று பொருளியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் விதி, விலைப் பட்டியலுக்கும் பொருந்துகிறது.

போட்டி நுகர்வோரைக் காக்கும் என்கிறோம். விலைகளை ஒப்பிட முடிந்தால்தான் அந்தப் போட்டி வேலை செய்யும். ஒப்பீட்டையே குலைக்கும் ஒரு கட்டணம், தொகை சிறியதாக இருந்தாலும் சந்தையின் அடித்தளத்தையே அரிக்கிறது. ‘வராமல் இருக்கலாமே’ என்ற வாதமும் நிற்காது. முன்பணம் கட்டி, பேருந்தில் ஐந்து மணி நேரம் பயணம் செய்து, பெட்டி படுக்கையோடும் குழந்தைகளோடும் இரவு ஒன்பது மணிக்கு வரவேற்பு மேசையின் முன் நிற்பவருக்குத் தேர்வுச் சுதந்திரம் ஏது?

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டப்ஹப் என்ற நுழைவுச்சீட்டு இணையதளம், பயனாளர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு முழு விலை தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. மற்றதற்குக் கட்டணம் கடைசியில் சேர்க்கப்பட்டது. கடைசியில் பார்த்தவர்கள் சுமார் 21 சதவீதம் அதிகம் செலவிட்டதாக 2021-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. விடுதிகள் ஏன் விலையைப் பிரிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் இந்தச் சிக்கல் சேவைக் கட்டணம் என்ற பெயரில்தான் நீதிமன்றம் ஏறியது. உணவு ரசீதில் 5 முதல் 20 சதவீதம் வரை தானாகவே சேர்க்கப்படும் இந்தத் தொகை வரியைப் போல் தோற்றமளிக்கிறது. ஆனால் அரசுக்கு இதில் ஒரு காசும் போவதில்லை. இது விருப்பத்தின்பேரில் தரப்படுவது மட்டுமே என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. நடைமுறை மாறவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று மேலும் தெளிவாகச் சொன்னது: ஹோட்டலோ உணவகமோ சேவைக் கட்டணத்தை ரசீதில் தானாகச் சேர்க்கக் கூடாது; வேறு எந்தப் பெயரிலும் அதை வசூலிக்கக் கூடாது; தர மறுப்பவருக்கு நுழைவையோ சேவையையோ மறுக்கக் கூடாது; உணவுத் தொகையுடன் அதைச் சேர்த்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி விதிக்கக் கூடாது.

உணவகத் தொழிலின் இரு தேசிய அமைப்புகள் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகின. அதே மாதம் இடைக்காலத் தடையும் கிடைத்தது. இறுதித் தீர்ப்பு 2025 மார்ச் 28 அன்று வந்தது. கட்டாயச் சேவைக் கட்டணம் நுகர்வோர் உரிமைக்கு எதிரானது, முறையற்ற வணிக நடைமுறை என்று நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்பளித்து, வழக்குத் தொடுத்த இரு அமைப்புகளுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தார். மனமுவந்து தரும் அன்பளிப்புக்குத் தடையில்லை. இந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது. என்றாலும், விலையைப் பற்றிய கொள்கை இதில் துலக்கமாகிவிட்டது.

இணைய முன்பதிவுக்கு மற்றொரு வேலி இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று அந்த ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போவதும் அவற்றில் ஒன்று.

வரிச் சட்டமும் நுகர்வோர் பக்கமே நிற்கிறது. வழங்குபவர் தனியே வசூலிக்கும் இடைச் செலவுகளும் சேர்ந்ததே ஒரு சேவையின் மதிப்பு என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவு. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். அறை வாடகையை 7,400 என்று எழுதி, மீதியை வேறு பெயரில் வாங்கும் ஆசை சிலருக்கு எழக்கூடும். வரி அலுவலர் கேட்கும்போது ஒரே விலையாக இருக்க வேண்டியது, விருந்தினர் கேட்கும்போது மட்டும் ஏன் நான்காக உடைய வேண்டும்?

அமெரிக்காவின் அனுபவம் இங்கே பயன்படும். 2012-இலேயே 22 விடுதி நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிய அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம், கடிதங்களால் பழக்கம் மாறாததைக் கண்டது. இறுதியில் விதி இயற்றியது; அது 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த விதி எந்தக் கட்டணத்தையும் ஒழிக்கவில்லை. விலைக்கு உச்சவரம்பும் வைக்கவில்லை. கட்டாயக் கட்டணங்கள் அனைத்தும் சேர்ந்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே, மற்ற எண்களைவிட எடுப்பாகக் காட்ட வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். விடுதியாளர் விரும்பிய விலையை வைக்கலாம். அதை ஒளிக்கக் கூடாது.

ஊழியர் பெயரில்

சேவைக் கட்டணத்துக்கு ஆதரவாக வைக்கப்படும் உருக்கமான வாதம், அது ஊழியர்களுக்குப் போகிறது என்பது. நம் பிள்ளைகள் அந்த ஊழியர்களாக இருப்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், தட்டெடுத்து வைப்பவரின் ஊதியத்தைத் தருவது முதலாளியின் கடமை. அந்தச் செலவு சோற்றின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. வசூலான சேவைக் கட்டணம் முழுவதும் ஊழியருக்குச் சேர்ந்ததா என்று விருந்தினரால் அறிய முடியாது. ஊழியரும் கணக்குக் கேட்க முடியாது. கட்டாயமாக வாங்கிக்கொண்ட பின், விருந்தினர் கையில் தனியே கொடுக்க நினைத்த ஐம்பது ரூபாயும் பையிலேயே தங்கிவிடுகிறது. ஊதியம் உயர வேண்டுமென்றால் ஊதியத்தை உயர்த்தி, அதற்கேற்ப விலையை வெளிப்படையாக வைப்பதே நேர்வழி.

மண்டபம் வரை வந்த பழக்கம்

ரிசார்ட்டில் தங்காதவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கிராமத்துக் குடும்பம் தன் வாழ்நாளில் பார்க்கும் மிகப் பெரிய ரசீதுகளில் ஒன்று, திருமண மண்டபத்தினுடையது. உறவினர் ஒருவர் வீட்டுக் கல்யாணக் கணக்கை அண்மையில் சரிபார்த்துக் கொடுத்தேன். வாடகை ஒரு வரி. அதன்கீழ் மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திரம், குப்பை அகற்றல், காவலாளி என ஆறு வரிகள். பயன்படுத்திய அளவுக்கு மின்சாரத்தை அளந்து வாங்குவதில் தவறில்லை. அளவுமானியைக் காட்டிவிட்டுக் கேட்கலாம். துப்புரவு இல்லாத மண்டபத்தை யாரும் வாடகைக்கு எடுக்கப் போவதில்லை. அது வாடகையின் பகுதியே. பத்திரிகை அடித்து, ஊரை அழைத்த பிறகு இந்த வரிகளைக் காணும் பெண் வீட்டார், பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை. பலர் இதற்காகவே இன்னொரு முறை வட்டிக்கு வாங்குகிறார்கள்.

இணைய வழிகாட்டுதல்கள் இந்த வாய்மொழி ஒப்பந்தங்களைத் தொடுவதில்லை. இந்த இடைவெளியைப் புதுச்சேரி அரசு நிரப்ப முடியும். விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் உரிமம் வழங்கும்போது ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: தவிர்க்க முடியாத கட்டணங்கள் அனைத்தும் சேர்ந்த ஒரே தொகையை, வரியோடு, வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும், முன்பணம் வாங்கும்போதே அந்தத் தொகையை எழுத்தில் தர வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்துகளும் இதைத் தம் அளவில் வலியுறுத்தலாம். அரசுக்கு இதில் செலவு ஒரு பலகையின் அளவுகூட இல்லை.

அதுவரை நுகர்வோர் கையில் இருப்பவை குறைவல்ல. ‘வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?’ என்று முன்பணம் தருவதற்கு முன் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ரசீது தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே கேட்டுப் பெறுங்கள். சேவைக் கட்டணம் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பலர் அறியாத செய்தி ஒன்று: விடுதி ஊட்டியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மிகாத வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை.

நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு யார் அலைவது என்று நாம் சலித்துக்கொள்வதை நம்பியே இந்த வரிகள் ரசீதில் எழுதப்படுகின்றன. விலை கூடுதலாக இருப்பது குற்றமன்று. நல்ல அறைக்கும் நல்ல சோற்றுக்கும் நல்ல விலை கேட்கலாம். கேட்கும் விலை எதுவோ, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பத்து ரூபாய் பொட்டலத்துக்குக் கட்டாயமாக்கிய ஒழுங்கை, மகளின் கல்யாணத்துக்கும் குடும்பத்தின் ஒரே சுற்றுலாவுக்கும் கேட்பது பேராசை ஆகாது.