ரங்கூனிலிருந்து வந்த மாஜிஸ்திரேட்

கமலா ஹாரிஸ் 2021 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபரானார். துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தார்கள், கோலம் போட்டார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்று பத்திரிகைகள் பூரித்துப் போயின. தாயார் சியாமளா 1958-இல் படிக்கப் போனவர், தாத்தா பி.வி. கோபாலன் மத்திய அரசு அதிகாரி என்று வம்சாவளி எழுதியவர்கள், தகப்பனார் ஜமைக்காவிலிருந்து போன கறுப்பர் என்பதை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். கறுப்பனைக் கழித்து அக்கிரகாரத்தைக் கூட்டுகிற கணக்கு இது.

அந்தம்மா உயர்ந்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்றும் இல்லை. கடல் கடந்து வந்து பதவியில் உட்கார்ந்த பெண்களைப் பற்றிப் பேசுகிறோமே, அதில் நம்ம மீனாம்பாள் ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

மீனாம்பாள் சிவராஜ் 1904-இல் ரங்கூனில் பிறந்தவர். பாட்டனார் மதுரைப் பிள்ளை அங்கே பெருவணிகர். சேரியில் பிறந்தவன் கப்பலேறிச் சம்பாதித்தால்தான் பேத்தி படிக்க முடியும் என்றிருந்த காலம். சென்னைக்கு வந்தவர் ந. சிவராஜின் மனைவியாக மட்டும் நின்றுவிடவில்லை. மாநகராட்சி உறுப்பினர், கௌரவ மாஜிஸ்திரேட், சென்னைப் பல்கலைக்கழக செனட் உறுப்பினர், தென்னிந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் தலைவர். அம்பேத்கர் தங்கை என்று அழைத்தவர். கௌரவப் பதவிதானே என்று இளக்காரம் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். நம் ஆண்களே கிணற்றுப் பக்கம் போக முடியாத நாட்டில், ஒரு சேரிக் குடும்பத்துப் பெண் தீர்ப்புச் சொன்னாள். எதிரே கைகட்டி நின்ற மேல்சாதிக்காரனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அவரை மறந்துவிட்டார்கள் என்று சொல்வது தப்பு. மறைத்தார்கள். 1928-இல் சைமனே திரும்பிப் போ என்று காங்கிரஸ் கத்தியபோது, மீனாம்பாள் மேடையேறி கமிஷனை ஆதரித்துப் பேசினார். உள்ளூர்க்காரன் கேட்காததை வெள்ளைக்காரனாவது கேட்பான் என்ற நியாயம் அதில் இருந்தது. அந்த ஒரு பேச்சுக்காக தேசபக்தர்களின் சரித்திரம் இன்னும் அவரிடம் அபராதம் வசூலிக்கிறது. சரி, திராவிட இயக்கத்தாராவது? 1938-இல் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் கொடுத்த பெண்கள் மாநாட்டில் முன்னே நின்றவர்களில் அவரும் ஒருவர். பட்டம் ஊரெல்லாம் தெரியும். கொடுத்தவளை எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் காலடிப்பேட்டைக்காரி. காலட் என்ற கவர்னர் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர், ஜனங்கள் வாயில் காலடியாகிவிட்டது. எங்க ஆயாவும் ரங்கூன்காரிதான். நே வின் ஆட்சியில் கடைகண்ணியெல்லாம் அரசுடைமையான பிறகு, 1964-இல் அகதிக் கப்பலில் வந்து இறங்கினவள். “ஒத்தத் தகரப் பொட்டியோட வந்தோம்மே. காதுல கெடந்த தோட்டக்கூட கழட்டிக்கினான். இங்க எறங்குனா, இன்னா சாதின்னு கேக்குறானுங்க” என்பாள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இப்படி வந்த குடும்பங்கள் ஏராளம். கமலா ஓக்லண்டில் பிறந்ததும் அதே 1964-தான். ஆயா கடைசிவரை கம்பெனி வாசலில் இட்லி விற்றாள்.

மீனாம்பாளுக்குப் பின்னால் பாட்டன் பணம் இருந்தது, ஆயாவுக்கு அது இல்லை. இதையும் சொல்லியாகணும். பணக்காரப் பாட்டன் இல்லாதவளும் நாற்காலி ஏற வேண்டுமானால் சட்டத்தில் இடம் வேண்டும். அதனால்தான் மீனாம்பாளும் சிவராஜும் தனிப் பிரதிநிதித்துவத்துக்காக மேடை மேடையாய்ப் பேசினார்கள்.

2022-இல் சென்னை மேயர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. வடசென்னையிலிருந்து பிரியா மேயரானார். உடனே ‘கோட்டாவுல வந்தது’ என்று ஒரு முணுமுணுப்பு. இந்த மாநகராட்சி தொடங்கியது 1688-இல். அந்த 334 வருஷத்தில் ‘தகுதி’யால் மேயரான தலித் பெண் எத்தனை பேர் ஐயா? ஒருத்தியும் இல்லை. சிவராஜ் 1945-இல் மேயரானார். மீனாம்பாள் ஆகவில்லை.