சக்கர நாற்காலி வந்தாச்சு... வாசற்படியை யார் கவனிப்பது?

சக்கர நாற்காலி வந்தது. கை தட்டினார்கள். போட்டோ பிடித்தார்கள். ஜீப் கிளம்பிப் போய்விட்டது. நாற்காலி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது!

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வாசற்படி. அதன் உயரம் அரை அடி.

மலையில் கால் முடங்கியவர் வீடுகளில் இதுதான் கதை. அரசாங்கம் கொடுக்கிறது, தர்மவான்கள் கொடுக்கிறார்கள். நாற்காலி, ஊன்றுகோல், உதவித்தொகை எல்லாம் வருகிறது. வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்த நாற்காலி வீட்டுக்குள் நுழையுமா, நுழைந்தால் திரும்புமா, கக்கூசுக்குப் போகுமா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது.

ஜவ்வாது மலை என்றால் பட்டணத்துக்காரர்களுக்கு பீமன் அருவி, கோடை விழா, காவலூர். அந்தக் காவலூரில் 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986 முதல் வானத்தை அளந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ கோடி மைல் தூரத்து நட்சத்திரம் அதற்குத் தெரிகிறது. அதே மலையில் ஒரு வீட்டு வாசலில் இருக்கும் ஆறு அங்குலம்தான் யார் கண்ணிலும் படவில்லை!

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. ஜமுனாமரத்தூர்தான் தலைநகர் மாதிரி. மலையாளி பழங்குடி மக்களுக்கு சாமை, புளி, தேன், பலாதான் பிழைப்பு. புளி உலுக்க மரம் ஏறணும். தேன் எடுக்கவும் ஏறணும். தினம் ஏறுகிறவர் ஒரு நாள் விழுகிறார். முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் அறுந்தால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இருக்காது. இவர்களோடு பக்கவாதம் வந்தவர்களையும், முட்டி தேய்ந்து உட்கார எழுந்திருக்க முடியாத கிழவிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் குடிக்கப் பயம்

இப்படிப்பட்டவர் வீட்டில் முதலில் நடக்கும் அநியாயம் என்ன தெரியுமா? அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்.

குடித்தால் ஒதுங்கணும். ஒதுங்க யாராவது தூக்கணும். பெண்டாட்டி காட்டு வேலைக்குப் போயிருப்பாள், பிள்ளை பள்ளிக்கூடம் போயிருப்பான். ஆகவே ‘தாகம் இல்லை’ என்று பொய் சொல்லிக்கொண்டு படுத்துக் கிடப்பார். தண்ணீர் குறைந்தால் மூத்திரத்தில் கிருமி சேரும். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும். ஒரே பக்கம் படுத்தே கிடந்தால் படுக்கைப் புண் வரும். உணர்ச்சி இல்லாத உடம்பில் புண் எலும்பு வரை போனாலும் வலிக்காது. தண்டுவடம் அடிபட்டவர்களைக் கொண்டுபோகும் பெரிய எமன்கள் இந்த இரண்டும்தான். மரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர், வாசற்படியால் சாகிறார் என்று சொன்னால் அது மிகை இல்லை.

கௌரவம் என்று இன்னொன்று இருக்கிறது. ஐம்பது வயது மனிதரை மருமகள் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைப்பது இருவருக்கும் எத்தனை கூச்சம்! அதை வாய்விட்டுச் சொல்வாரா அவர்?

மலையடிவாரத்தில் ஒரு டாக்டர்

இதற்கெல்லாம் வழி தெரியாத ஊரா இது? அதுதான் இல்லை. மலையை விட்டு இறங்கினால் வேலூர். அங்கேதான் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார்.

கொச்சியிலே பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் டாக்டரானவர். 1954-ல் கார் விபத்து. முகம் கிழிந்தது, தண்டுவடம் போயிற்று. அப்போது வயது முப்பதுகூட நிறையவில்லை. ‘இனி அவ்வளவுதான்’ என்று ஊரே பேசியிருக்கும். தொழுநோய் அறுவை சிகிச்சையில் பேர் வாங்கிய டாக்டர் பால் பிராண்ட் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். உட்கார்ந்துகொண்டே கைக்கு ஆபரேஷன் செய்யலாமே என்றார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார் மேரி வர்கீஸ்!

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றார்; நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1963-ல் சி.எம்.சி.யில் அதற்கென்றே தனித் துறை வந்தது. 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம். இந்தியாவிலேயே அந்த மாதிரி முதல் நிலையம் அது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். நிலையம் இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

அங்கே போகிறவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே தாவக் கற்றுக்கொள்கிறார். குளிக்க, துணி உடுத்தக் கற்றுக்கொள்கிறார். சிகிச்சை முடிந்து போனவர்களை வருஷா வருஷம் திரும்ப வரவழைத்து மேளா நடத்தி, உடம்பைச் சோதித்து, விளையாட்டுப் போட்டியும் வைக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அங்கே தரை சமதளம், கதவு அகலம். மாதக்கணக்கில் பழகிய ராஜா, மலைக்குத் திரும்பியதும் திண்ணைக்குக் கீழே நின்று ‘யாராச்சும் வாங்களேன்’ என்று கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஒன்றிரண்டு மூட்டை சிமெண்ட்

செலவைப் பார்ப்போமா? கணக்கு சுலபம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் சரிவு. இதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் நாற்காலி பின்னால் சாயும். ஆறு அங்குலப் படிக்கு ஆறடிச் சரிவு, அகலம் மூன்றடி. உள்ளே கல்லும் மண்ணும் கெட்டித்து மேலே பூசினால் ஒன்றிரண்டு மூட்டை சிமெண்ட், கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி. ஈரம் காயுமுன் கயிற்றை அழுத்திக் கோடு போட்டுவிட்டால் மழையில் வழுக்காது. எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த வித்தை. திண்ணை ஒன்றரை அடி உயரமென்றால் பதினெட்டு அடிச் சரிவு வேண்டும். அது கொஞ்சம் கஷ்டம்தான். சுவரை ஒட்டி வளைத்துக் கொண்டுபோகணும்.

கதவு? நாற்காலி இரண்டே கால் அடி அகலம் என்றால் வழி மூன்றடி இருந்தால்தான் சுலபம். நிலையை இடிக்க முடியாதவர்கள் உள் அறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை தொங்கவிடலாம். அதிலேயே ஒன்றிரண்டு அங்குலம் கிடைக்கும். கக்கூஸ் கதவு கட்டாயம் வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் காப்பாற்றப் போகிறவர் எப்படி நுழைவார்?

கயிற்றுக் கட்டில் தொய்ந்து கிடந்தால் அதிலிருந்து எழவே முடியாது. பலகைக் கட்டிலாக்கி, காலுக்குச் செங்கல் கொடுத்து நாற்காலி உயரத்துக்குத் தூக்கிவிட்டால் அவரே நகர்ந்து ஏறிவிடுவார். கக்கூசில் நடுவே ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றைப் பீங்கான் மேல் வைத்தால் முட்டி வலிக் கிழவிக்கும் விடிவு. பக்கத்துச் சுவரில் ஒரு குழாய்க் கம்பி. கம்பிக்கு வழியில்லையா, மூங்கில் மலையில் கிடைக்காத பொருளா? ஆடாமல் நட்டிருக்கணும், அவ்வளவுதான். அடுப்பை மேடைக்கு ஏற்றி, மேடைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால், முடங்கிய பெண் மறுபடி சோறு பொங்குவாள். வேலை வாங்குவதற்காகச் சொல்வதல்ல இது. தன் அடுப்பு தன் கைக்குத் திரும்புவது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

‘நிலைப்படியில் லட்சுமி இருக்கிறாள், அதைத் தொடலாமா?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். தொட வேண்டாமே! படிக்கு இரண்டு பக்கமும் சரிவு வைத்தால் படியும் இருக்கும், சக்கரமும் ஏறும். மழைத் தண்ணீரும் பூச்சிபொட்டும் உள்ளே வராமல் தடுக்கத்தானே படி? அந்த வேலையும் கெடாது.

‘ரோடே இல்லாத ஊரில் சரிவுப் பாதை ஒரு கேடா?’ என்பார் இன்னொருவர். நியாயமான கேள்வி. 2023-ல் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடந்த கொடுமையை யார் மறப்பார்? ரோடு வரத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வனத்துறை அனுமதி, டெண்டர், வருஷங்கள். வாசலில் ஆறடிச் சரிவுக்கு எந்த டெண்டர்? மனிதருக்கு நாளெல்லாம் வேண்டியது கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை உள்ள அந்தப் பத்தடிதான்.

மெரினாவுக்கு உண்டு, வீட்டுக்கு?

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிக்காரர்கள் அலையருகே போக 2022 நவம்பரில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு மரப்பாதை போட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைக் கலைத்தது. மறுபடி சரி செய்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். 2016-ம் வருஷத்துச் சட்டம்கூடப் பொதுக் கட்டிடம், பஸ், ரயில் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறது. தனி வீட்டு வாசலுக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. பட்டணத்து வாடகை வீட்டில் கதை இன்னும் மோசம். சுவரில் ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனர் முறைப்பார். பிடித்து நடக்கக் கம்பி பதிக்க விடுவாரா?

சரி, சொந்தக்காரர்கள் கடன் வாங்கிப் படியை மாற்றட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. ஏனென்றால் வீட்டையே அரசாங்கம்தான் கட்டித் தருகிறது. குடிசைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு என்று 2024-ல் கலைஞர் கனவு இல்லம் திட்டம் வந்தது. வீட்டுக்கு ரூ.3½ லட்சம், 360 சதுர அடி, 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. கட்டும்போதே கதவு மூன்றடி வைத்தால் கூடுதல் செலவு சொற்பம். வைத்த நிலையைப் பிறகு பெயர்க்கத்தான் பணம். படிக்குப் பதில் சரிவு வைக்கவும் அதே கொத்தனார், அதே சிமெண்ட்தான்.

ஆகவே யூனியன் ஆபீசில் விண்ணப்பம் வாங்கும் குமாஸ்தா ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: ‘உங்க வீட்ல நடக்க முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களா?’ ‘ஆமாம்’ என்றால் பக்கத்தில் ஒரு டிக். அஸ்திவாரம் போட வரும் இன்ஜினீயர் அந்த டிக்கைப் பார்த்துவிட்டு வாசலுக்குக் கயிறு பிடிக்கட்டும்.