கேட்கக் கூசும் பொருள்

புயல் அடித்த ஊருக்கு என்னென்ன அனுப்ப வேண்டும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். அரிசி, பருப்பு, போர்வை, மெழுகுவர்த்தி, கொசுவத்தி, தார்ப்பாய். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோதும் லாரி லாரியாக இவைதான் போயின. போகத்தான் வேண்டும். கூரை பறந்த வீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவருக்கு முதல் தேவை தார்ப்பாய்தான். அந்த லாரியில் ஏற்ற வழியில்லாத ஒரு பொருளைப் பற்றி எழுதலாம் என்று பார்க்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டது, இப்போது எழுதினால்தான் உண்டு.

அந்த வேதாரண்யத்தை ஒட்டிய கோடியக்கரைக்குப் போகாத பறவை ஆர்வலர் தமிழ்நாட்டில் இருப்பது அபூர்வம். 1967-இல் சரணாலயமான காடு. 2002-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்க விடுகிறார்கள். நவம்பர் என்றால் பூநாரையும் உள்ளானும் வந்து சேர்கிற நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் கஜா வந்தது. வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் செத்துக் கரை ஒதுங்கின. பாலை மரங்கள் சாய்ந்தன. சுற்றுக் கிராமங்களில் கடல் சேறு வீட்டுக்குள்ளேயே வந்து படிந்தது. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது.

அந்தப் பக்கத்து உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பாத்தி பாத்தியாக நடந்து வேலையைப் பார்க்கும்போதே பறவைகளையும் பார்த்துப் பழகியவர். வெளியூரிலிருந்து யார் போனாலும் அவர்தான் வழிகாட்டி. காசு வாங்க மாட்டார், டீ மட்டும். புயலுக்குப் பிறகு போன் கிடைக்கவே நாளானது. வீடு, தென்னை, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் என்று போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, பேச்சு முடிகிற இடத்தில் இழுத்தார். “பைனாக்குலரும் போச்சு சார். பக்கத்து வீட்டுல தென்னை அத்தனையும் போயி நிக்கிறாங்க. இதைப் போயி வாயால சொல்லவே கூச்சமா இருக்கு.”

விஷயம் அந்தக் கூச்சத்தில்தான் இருக்கிறது. நிவாரண முகாமில் மனு எழுதும் தாசில்தார் அலுவலக ஊழியரிடம் பைனாக்குலர் என்று சொல்ல முடியுமா? சொந்த மச்சானிடமே சொல்ல முடியாது. “உசிரு பொழைச்சதே பெருசு, இப்ப குருவி பாக்கலைன்னா என்ன?” என்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால், விடிகாலையில் எழுந்து சேற்றில் நின்று ஓர் உள்ளானின் கால் நிறத்தைப் பார்க்க அரைமணி நேரம் செலவழித்திருக்கிற ஆளுக்கு அந்த இழப்பு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கேட்கக் கூசும் பொருளைக் கேட்கும் முன்பே நீட்டுவது அதே பித்துப் பிடித்தவர்களால்தான் ஆகும்.

சேற்றிலிருந்து எடுத்த அந்தப் பைனாக்குலரைப் பிறகு நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். குவியம் திருப்பும் சக்கரத்தைச் சுற்றினால் நறநறவென்று மணல் அரைபட்டது. உள்ளே பட்டகத்தின் மேல் உப்புப் பூத்து, வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கடல்நீர் புகுந்த கருவியை உடனே நல்ல தண்ணீரில் அலசிப் பிரித்துக் காயவைத்தால் பிழைக்கலாம். வாரக்கணக்கில் கிடந்துவிட்டால் கண்ணாடிப் பூச்சும் போய்விடும். சென்னையில் கேமரா பழுது பார்ப்பவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூலி சொல்லாமலே கையில் கொடுத்துவிட்டார்.

ஆனால் பறவை பார்ப்பவர்கள் வீட்டு பீரோவைத் திறந்தால் இரண்டாவது பைனாக்குலர் ஒன்று கட்டாயம் இருக்கும். நல்லதாக ஒன்று வாங்கியபின் பழையதை விற்க மனம் வராது, சும்மா கிடக்கும். அமெரிக்கப் பறவை ஆர்வலர் சங்கம் இப்படிச் சும்மா கிடப்பவற்றைச் சேகரித்து லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் களவேலை செய்பவர்களுக்கு அனுப்பும் திட்டமே நடத்தியிருக்கிறது. நாங்கள் செய்தது அத்தனை பெரியதல்ல. வாட்ஸ்அப்பில் நாலு பேருக்குச் சொன்னோம், அவ்வளவுதான். மூட்டுவலியால் வெளியே போவதை நிறுத்திவிட்ட ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன் 8x42 பைனாக்குலரை உறையோடு கொடுத்துவிட்டார். வேறொருவர் அனுப்பியதில் ஒரு கண்ணில் பூஞ்சை படர்ந்திருந்தது. புயல் வந்தால் வீட்டுக் குப்பையைக் காலி செய்யும் ஆசையும் கூடவே வரும் போலும்.

பைனாக்குலருக்காவது விலை உண்டு. குறிப்பேடுகளுக்கு என்ன செய்வது? நண்பர் பல வருடமாக எழுதி வைத்தவை எல்லாம் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்களில் நீலக் கறை மட்டும்தான் மிச்சம். பால்பாயின்ட் பேனா ஓரளவு தாக்குப்பிடித்தது. பென்சிலால் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. (2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். களக்குறிப்புக்குப் பென்சிலைப் போல வேறொன்று இல்லை.)

இங்கேதான் ஒரு வசதி இருந்தது. பறவை பார்க்கத் தனியாகப் போகிறவர்கள் குறைவு. கூடப் போனவர் ஏட்டிலும் அதே காலை பதிவாகியிருக்கும். இ-பேர்டு தளத்தில் பறவைப் பட்டியல் ஏற்றியவர்கள், அன்று உடன் வந்தவரோடு அதைப் பகிர்ந்துகொள்ளலாம். பழைய தேதியிட்ட பட்டியலையும் ஏற்றலாம். அவரோடு எப்போதோ கோடியக்கரையில் நடந்தவர்கள் தங்கள் ஏடுகளைத் தேடி எடுத்தார்கள். திருச்சியிலிருந்து, மதுரையிலிருந்து, பெங்களூரிலிருந்து என்று அவருடைய காலைப்பொழுதுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

வந்ததையெல்லாம் அவர் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பட்டியலில் நண்டுதின்னி இருந்தது. அந்தக் கரையில் அதைப் பார்த்தவர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். “அன்னைக்கு அது இந்தப் பக்கமா போச்சுன்னு அவங்க காட்டுனாங்க சார். நான் திரும்புறதுக்குள்ள போயிடுச்சு. என் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க” என்றார். வீடு இன்னும் தார்ப்பாயில் இருந்த நேரம் அது.

புயலுக்கு நடுவே பறவையை நினைப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2017 செப்டம்பரில் கரீபியக் கடலில் இர்மா புயல் பார்புடா தீவைத் துடைத்துப் போட்டது. அடுத்த புயலும் வரும் என்று பயந்து, தீவிலிருந்த மக்கள் எல்லோரையும் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தீவில் மட்டுமே வாழும் கதிர்க்குருவி அளவிலான சின்னப் பறவை ஒன்று உண்டு. அது பிழைத்திருக்கிறதா என்று தேடிப் போனவர்கள் கண்டுபிடித்தும் விட்டார்கள். அதே மாதம் மரியா புயல் டொமினிகாவையும் போர்ட்டோ ரீக்கோவையும் மொட்டையடித்தது. இலை இல்லை, பூ இல்லை, பழம் இல்லை. பேர்ட்ஸ்கரீபியன் என்ற அமைப்பு பல நாட்டு ஆர்வலர்களிடம் நிதி திரட்டி, தேன்சிட்டைப் போன்ற ரீங்காரச் சிட்டுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் குப்பிகளையும் தானியத்தையும் தீவுகளுக்கு அனுப்பியது.

மனிதனுக்கே வழியில்லாதபோது பறவைக்கா என்று அங்கேயும் யாராவது கேட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கையில்லை. பீரோவில் கிடந்த பைனாக்குலர் அரிசியாக மாறப்போவதில்லை. கொடுத்தவர்கள் அரிசியும் கொடுத்தவர்கள்தான். தவிர, காடு என்ன ஆனது, எந்தப் பறவை திரும்பியது என்று முதலில் சொல்லக்கூடியவர் உள்ளூர்க்காரர். புயல் தூக்கி வந்து உள்நாட்டில் போட்டுவிட்டுப் போகும் கடற்பறவைகளைப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்குத்தான். சாலை சரியாகி நாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

2019 பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு நண்பரின் பட்டியல் வந்தது. 8x42 கொடுத்த பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். இன்றுவரை நடக்கிறது. போன வாரம் பேசியபோது நண்பர் என்னிடம் அலுத்துக்கொண்டார்: “பைனாக்குலருக்குத் தவணை கட்டுற மாதிரி ஆயிடுச்சு சார். கொசு உள்ளான்னு சொன்னா விட மாட்டேங்கிறாரு. காலு கறுப்பா மஞ்சளா, நல்லாப் பாத்தியான்னு கேக்குறாரு. நான் கறுப்புன்னு சொன்னா, சேத்துல நின்ன கால் கறுப்பாத்தான்டா தெரியும், கழுவிட்டுப் பாத்தியாங்கிறாரு.”