பூட்டுக்கு உதவாத பகா எண்

போன மாசம் நான் படிச்ச காலேஜ்ல ஜூனியர் பசங்களுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. ஆணி புடுங்குறதுக்கு நடுவுல கிடைச்ச சான்ஸ், விடுவோமா? நமக்குப் பிடிச்ச பகா எண்களைப் பத்தி ஆரம்பிச்சுட்டேன்.

இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி, ஒண்ணைக் கழிங்க. வர்ற எண் பகா எண். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். பைனரில எழுதினா ஒரு சைபர் கூட இருக்காது, அத்தனையும் 1 தான். லூக் டியூரன்ட்ங்கிறவர் கண்டுபிடிச்சு, 2024 அக்டோபர்ல அறிவிச்சாங்க. அதுவரைக்கும் தெரிஞ்ச பகா எண் எல்லாத்தையும் விடப் பெரிசு.

கடைசி பெஞ்ச்ல இருந்து கேள்வி வந்துச்சு. "இதனால என்ன சார் பிரயோஜனம்?"

வழக்கமான பதிலை அவுத்து விட்டேன். "நெட் பேங்கிங் பூட்டே பகா எண்தான்பா!"

ரெண்டாவது வரிசைல ஒரு பொண்ணு மெதுவா கேட்டுச்சு. "ஊருக்கே தெரிஞ்ச நம்பரை வச்சு எப்படி சார் பூட்டு போடுவீங்க?"

அசடு வழிஞ்சு, பேச்சை மாத்திட்டேன். ஆனா அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. ஆர்எஸ்ஏ பூட்டுக்கு வேண்டியது சுமாரா 300 இலக்கத்துல ரெண்டு பகா எண், அதுவும் யாருக்கும் தெரியாததா இருக்கணும். பேப்பர்ல வந்த நாலு கோடி இலக்க எண் அங்கே சல்லிக்காசுக்குப் பிரயோஜனம் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன் பாருங்க, அதுதான் உறுத்துது.

என்னைக் கேட்டா, உபயோகம் இருக்குன்னு பொய் சொல்லி கணக்கை விக்கவே கூடாது. அதுக்குப் பதிலா அந்த எண்ணைச் சோதிக்கிற விதத்தைக் காட்டியிருக்கலாம். லூகாஸ்-லேமர் சோதனைன்னு பேரு. 31-ஐ எடுத்துக்குவோம். அது இரண்டின் 5-வது அடுக்கில் ஒண்ணு குறைவு. 4-ல ஆரம்பிங்க. வர்க்கப்படுத்தி 2 கழிங்க: 14. மறுபடியும்: 194. இதை 31-ஆல வகுத்தா மீதி 8. மறுபடியும்: 62. வகுத்தா மீதி 0. அவ்ளோதான், 31 பகா எண்! அடுக்கைவிட ரெண்டு குறைவா, அதாவது மூணே தடவை செஞ்சா போதும். அந்த நாலு கோடி இலக்க எண்ணுக்கும் இதே விதிதான், என்ன, 13 கோடி தடவைக்கு மேல செய்யணும்.

பக்கவிளைவா பிரயோஜனம் வந்ததும் உண்டு. இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கிட்டிருந்த தாமஸ் நைஸ்லிதான் 1994-ல பென்டியம் சிப் வகுத்தல்ல தப்பு பண்றதைக் கண்டுபிடிச்சார். இன்டெலுக்கு அதுல 47.5 கோடி டாலர் செலவு. ஆனா அவர் அதைத் தேடிப் போகலை. கணக்குதான் போட்டுக்கிட்டிருந்தார்.

பேப்பர்ல எழுதி முடிக்கவே முடியாத ஒரு எண்ணைப் பத்தி, சந்தேகமே இல்லாம ஒரு உண்மை நமக்குத் தெரியுது. இந்தப் பதில் அந்தக் கடைசி பெஞ்ச்சுக்குப் பிடிச்சிருக்குமோ என்னவோ, ரெண்டாவது வரிசைக்குப் பிடிச்சிருக்கும்.

அந்தப் பொண்ணுக்கு ஒரு மெயில் போடணும். முதல் வரி: "நீ கேட்டது சரிம்மா, நான் சொன்னது தப்பு." நீங்க என்ன சொல்றீங்க மக்களே? :-)