வட்டி எங்கிருந்து வருகிறது?

கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கத்து விவசாயியின் கைக்குப் பணம் மாதாமாதம் வருவதில்லை. மரவள்ளியைப் பிடுங்கி லாரி ஏற்றி, ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்கு அனுப்பிய பிறகு மொத்தமாக வரும். மகள் கல்யாணம், அடுத்த சாகுபடி, பழைய கடன் எல்லாம் அதற்குள்தான். பங்குச்சந்தைச் செய்திகள் அவரை முதலீட்டாளராகக் கருதுவதில்லை. ஆனால், எந்தப் பருவத்தில் யார் கையில் பணம் புழங்கும் என்பது, கவர்ச்சித் திட்டத்தோடு வரும் ஏஜென்டுக்குத் தெரியும். நிதி வரலாறு மும்பை தரகர்களைவிட இந்த விவசாயிக்கே அதிகம் தேவை.

2012இல் பெருந்துறையில் சரிந்த ஈமு கோழித் திட்டம் விவசாயிகளைக் குறிவைத்தே வந்தது. பணம் கட்டினால் குஞ்சும் தீனியும் நிறுவனமே தரும். பராமரிப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை. ஆண்டு முடிவில் போனஸ். பறவை கண்ணெதிரே கொட்டகையில் நின்றதால் பணம் பத்திரமாக இருப்பதாக மக்கள் நம்பினார்கள். ஈமு இறைச்சிக்கும் முட்டைக்கும் சந்தையே இல்லை என்பதை யாரும் விசாரிக்கவில்லை. தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் திரட்டி, 1998இல் முறிந்த அனுபவ் திட்டமும் அப்படித்தான். தேக்கு முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது மரம் வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் அதுவரை லாபம் எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை. 2022இல் ஆருத்ரா நிறுவனத்தின் மீது பதிவான வழக்கில் கோழியும் இல்லை, மரமும் இல்லை; மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்ற வாக்குறுதிதான் இருந்தது. எந்த நேர்மையான தொழிலிலும் மாதாமாதம் அவ்வளவு லாபம் கிடைக்காது. புதிதாகப் பணம் கட்டுபவர் இருக்கும்வரைதான் பழையவருக்கு வட்டி.

அதற்காக, வட்டி குறைவாக இருந்தாலே பணம் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் வங்கித் தொழில் நடத்திய அர்பத்நாட் கம்பெனி கற்பிப்பது இதைத்தான். ஜமீன்தார்களும் வக்கீல்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அந்த வெள்ளைக்கார நிறுவனத்தின் பெயரை நம்பியே சேமிப்பைப் போட்டார்கள். லண்டன் பங்குதாரர் மக்ஃபேடியன் சூதாட்டம்போன்ற முதலீடுகளில் பணத்தைக் கரைத்துவிட்டு, 1906 அக்டோபரில் ரயில் முன் பாய்ந்து இறந்தார். அடுத்த சில நாட்களில் சென்னை நிறுவனத்தின் கதவும் மூடியது. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களில் பலர் ஓட்டாண்டியானார்கள். அங்கே ஏமாற்றியது பேராசையல்ல, மரியாதை. கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பது அவமரியாதையாகப் பட்டிருக்கிறது. ஊரில் நமக்குத் தெரிந்தவர், படித்தவர், சொந்தக்காரர் வந்து கேட்கும்போது இன்றும் அந்தக் கூச்சம்தான் வாயை அடைக்கிறது.

அந்த இடிபாட்டிலிருந்து வி.கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியை உருவாக்கினார். 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பிறகே, 1962இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அன்று அதன் வரம்பு 1,500 ரூபாய். 2020 முதல் 5 லட்சம். தேக்குத் திட்டங்கள் முறிந்த பின், 1999இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிகள் வகுத்தது. சட்டம் ஒவ்வொரு முறையும் விபத்துக்குப் பிறகுதான் வந்திருக்கிறது. அது அடுத்தவரைக் காப்பாற்றும். இழந்தவர் நீதிமன்றத்தில் காத்திருப்பார்.

5 லட்சம் காப்பீடு வங்கி வைப்புகளுக்குத்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கும், சீட்டுக்கும் அது கிடையாது. மலையில் பலருக்குப் பழக்கமானவை இவைதான். இந்த வேறுபாட்டை அவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். மோசடி நடந்த பின் பொருளாதாரக் குற்றப்பிரிவு முகாம் நடத்துவது போதாது. கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகமும் வங்கிகளும் மரவள்ளிப் பணம் வரும் பருவத்திலேயே கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் சென்று, ஈமுவின் கதையையும் அர்பத்நாட்டின் கதையையும் மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.